கேட்டது எத்தனை, கொண்டாந்தது எத்தனை?

ஏலேய் பேராண்டி, ஒரு ஃபங்ஷன்ல இருந்து ரெண்டு மூணு பதிலை ஒட்டுக்கா வாங்கிக்கிடலாம்னு தெரிஞ்ச நாள்ல இருந்து உன் நடையே மாறிப்போச்சு. ரிட்டர்ன்னு எழுதி, நடுவுல ஒரு கமாவைப் போட்டு, பின்னால இன்னொண்ணையும் எழுதிட்டா தீந்துதுன்னு நெனைக்க. நல்லா இரு. நானும் பாதி ஆயுசை அந்தப் பொட்டி முன்னால தொலைச்சிட்டுத்தான் இந்தக் கரிசக்காட்டுல வந்து உக்காந்திருக்கேன். கெழவன் என்னத்தைக் கண்டான்னு சிரிக்காம ரெண்டு வார்த்தை கேளு. ரெண்டுன்னு சொல்லிட்டு ரெண்டோட நிறுத்துத ஆள் நான் இல்ல. அதுவும் உனக்குப் பழகட்டும்.

சீனி வாங்கியாரச் சொல்லி ஒரு பயலைக் கடைக்கு அனுப்புதோம். சீனியும் வரணும், மீதிச் சில்லறையும் வரணும். இதுல ஒரு தப்பும் கெடையாது. பைத்தான்ல டிவ்மாட் இருக்குல்லா, அதுகிட்ட 17ஐ 5ஆல வகுக்கச் சொன்னா ஈவு 3, மீதி 2ன்னு ரெண்டையும் ஒரே நடையில கொண்டாந்துரும். ஈவுக்கு ஒருதரம், மீதிக்கு ஒருதரம்னு அலையவிட்டு யாருக்கு என்ன லாபம்? கேள்வி அது இல்ல. வாசல்ல நின்னு வாங்குதவன் எத்தனை கையை நீட்டியிருக்கான், கூடக்குறைய வந்தா அந்தப் பாஷை சத்தம் போடுமா இல்ல கமுக்கமா முழுங்கிருமா? அதை விசாரிக்காமக் கமா போடுதவன்தான் நடுச்சாமத்துல லாக் ஃபைலைப் பாத்து முழிச்சிக்கிட்டு இருப்பான்.

பைத்தான் இதுல கறார். கமா போட்டு ரெண்டு பதில் அனுப்பினதா நீ நெனைக்க. அது ரெண்டையும் டியூப்பிள்னு ஒரே பொட்டலமாக் கட்டி, ஒண்ணாத்தான் அனுப்புது. வாங்குத இடத்துல பிரிக்கும்போது எண்ணிப் பாக்கும். மூணு வந்து, நீ ரெண்டு பேரு மட்டும் எழுதியிருந்தா, வேல்யூஎரர்னு கூப்பாடு போட்டு அங்கனயே நின்னுரும். வையுதேன்னு வருத்தப்படாத, வையுதவன்தான் சொந்தக்காரன். எத்தனை வந்தாலும் சரின்னா, ஒரு பேருக்கு முன்னால நட்சத்திரக் குறியைப் போடு. மிச்சம் அம்புட்டும் பட்டியலா அதுக்குள்ள போயிரும். பைத்தான் 3ல இருந்து அந்த வசதி உண்டு.

ஆனா அம்புட்டுக் கறாருக்கும் ஒரு கண்மறைப்பு இருக்கு. உன்னைப்போல ஒருத்தன் அவசரத்துல, அடைப்புக்குறிக்குள்ள 'ஓகே'ன்னு மட்டும் எழுதி ரிட்டர்ன் பண்ணுவான். அடைப்புக்குறி போட்டா டியூப்பிள் ஆயிரும்னு அவனுக்கு யாரு சொன்னாவளோ! டியூப்பிளைக் கட்டுதது கமா. கமா இல்லன்னா அது வெறும் ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. வாங்குத இடத்துல ரெண்டு பேரு இருந்தா, முதல் பேருக்கு 'ஓ' போகும், அடுத்ததுக்கு 'கே' போகும். எண்ணிக்கை சரியா இருக்கதுனால பைத்தானும் வாயைத் தொறக்காது. என்ன நெலவரம்னு கேட்டா 'ஓ'ங்கும். அப்புறம் நீயும் கூடச் சேந்து ஓன்னு அழ வேண்டியதுதான்.

அதே கமாவைத் தூக்கிக்கிட்டு ஜாவாஸ்கிரிப்டுக்குப் போய்ப் பாரு. ரிட்டர்ன் பக்கத்துல ரெண்டு பதிலைக் கமா போட்டு எழுது. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லாது. முதல்ல இருக்கதைக் கணக்குப் பாத்துத் தூரப் போட்டுட்டு, கடைசியில இருக்கதை மட்டும் குடுக்கும். அங்க கமாவுக்கு உத்தியோகமே அதுதான். ரெண்டும் வேணும்னா அரேக்குள்ள போடு, இல்ல பேரு வச்சு ஆப்ஜெக்டுக்குள்ள போடு. அதைப் பிரிச்சு வாங்குத வசதி 2015 பதிப்புலதான் வந்துது. அதுலயும் எண்ணுத பழக்கம் கெடையாது. கூட வந்தா விட்டுரும், குறைஞ்சா 'அன்டிஃபைன்ட்'னு நிரப்பிரும். ரூபி கமாவை மதிச்சு அரேயாக் கட்டிக் குடுக்கும். ஆனா குறையுத எடத்துல அதுவும் 'நில்'லைப் போட்டுட்டு நிக்காமப் போயிரும்.

நெசமாவே ரெண்டை ரெண்டாக் குடுக்குத பாஷை ஒண்ணு இருக்கு, லுவா. 1993ல பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோவுல ஒரு பல்கலைக்கழகத்துல பொறந்தது. பொட்டலமும் கெடையாது, அரேயும் கெடையாது. பதில் தனித்தனியா வரும். ஃபைலைத் தொறக்கச் சொல்லி, அது முடியாமப் போச்சுன்னா, முதல் பதிலா நில் வரும், ரெண்டாவதா காரணம் வரும், மூணாவதா பிழை எண்ணும் வரும். முதல் பதிலைப் பாக்காமலே ஃபைலைப் படிக்கப் போறவனுக்கு நான் என்ன புத்தி சொல்ல? அவன் கேக்க மாட்டான். அதனால அவனைத் தாண்டிப் போவோம்.

லுவாவோட வழக்கம் இதுதான்: வரிசையில நடுவுல நிக்குத ஃபங்ஷன் ஒரே பதிலைத்தான் குடுக்கும். கடைசியில நின்னா கைவசம் உள்ள அம்புட்டையும் கொட்டிரும். இதுல என்ன வந்துதுன்னுதான கேக்க? ரூவாக் கணக்கு எழுதின ஒரு வரியில இருந்து கமாவை எல்லாம் நீக்கி, அதை எண்ணா மாத்தணும்னு வச்சிக்கோ. கமாவை நீக்குத ஜிசப் ரெண்டு பதில் குடுக்கும். ஒண்ணு, சுத்தம் பண்ணின எழுத்து. இன்னொண்ணு, எத்தனை கமாவை எடுத்தோம்கிற கணக்கு. நீ கெட்டிக்காரன்லா, அதை அப்படியே டுநம்பர் அடைப்புக்குறிக்குள்ள சொருகுவ. டுநம்பரோ ரெண்டாவதா ஒண்ணு வந்தா, அதை எந்த அடிமானத்துல எண்ணணும்கிற கட்டளையா எடுத்துக்கிடும்.

ஆயிரத்துல ஒரு கமா. அடிமானம் 1ன்னு ஒண்ணு கெடையாதுன்னு பிழை சொல்லி நின்னுரும். அது உன் நல்ல நேரம். நம்ம ஊர் முறையில எழுதின ஒரு லட்சத்துல ரெண்டு கமா. 1,00,000ஐ அடிமானம் 2ல எண்ணி 32ன்னு குடுக்கும். ஒரு கோடியில மூணு கமா. 1,00,00,000ஐ அடிமானம் 3ல எண்ணி 2187ன்னு கையில குடுக்கும். சத்தம் கெடையாது, எச்சரிக்கை கெடையாது. கோடிக்குச் சொந்தக்காரன் 2187 ரூவாயோட வாசல்ல நிப்பான். கூட ஒரு சோடி அடைப்புக்குறியை ஜிசப்பைச் சுத்திப் போட்டிருந்தா, லுவா முதல் பதிலோட நிறுத்தியிருக்கும். ரெண்டு வளைஞ்ச கோட்டை மிச்சம் பிடிச்ச புண்ணியவான் நீ!

இதுக்கும் மூத்தது பேர்ல், 1987ல லாரி வால் குடுத்தது. அங்க ஃபங்ஷன் கூப்பிட்டவனோட முகத்தைப் பாத்துப் பேசும். லோக்கல்டைமைப் பட்டியலாக் கேட்டா ஒன்பது பதில் வரும், ஒத்தையாக் கேட்டா தேதி எழுதின ஒரே வரி வரும். அந்த ஒன்பதுல மாசம் 0ல இருந்து எண்ணும். வருசம் 1900ஐக் கழிச்சுட்டு வரும். முன்னால 19ன்னு ஒட்டிக்கிட்டா வருசம் ஆச்சுன்னு நெனச்ச மகராசன்மாரு எத்தனையோ பேரு. 2000 சனவரி 1ஆம் தேதி விடிஞ்சப்போ அவங்க பக்கத்துல எல்லாம் 19100ஆம் வருசம் பொறந்திருந்துது. உலகமே கணினி நின்னுருமோன்னு பயந்து கெடக்க, இவுக பதினேழாயிரம் வருசம் முன்னேறிட்டாக!

பேர்ல்ல இன்னொரு கூத்து. ரெண்டு அரேயை ரிட்டர்ன் பண்ணி, ரெண்டு அரேயில வாங்கிப் பாரு. ரெண்டும் ஒரே பட்டியலாக் கலந்து, முதல் அரே எல்லாத்தையும் எடுத்துக்கிடும், ரெண்டாவது காலியாக் கெடக்கும். தனித்தனியா வேணும்னா ரெஃபரன்ஸா அனுப்பணும். கலந்து அனுப்பிட்டுப் பாகப்பிரிவினை பேசப்படாது.

பாஷ்காரன் நெலைமையைக் கேட்டா உன் கண்ணுல தண்ணி வந்துரும். அங்க ரிட்டர்ன்கிறது வேலை முடிஞ்ச நெலவரத்தைச் சொல்லுத ஒத்தை எண்ணு, 0ல இருந்து 255 வரைக்கும். 300னு அனுப்பினா 44 வந்து நிக்கும். மத்ததை எல்லாம் எக்கோ போட்டு வெளிய சொல்லணும், நாம காதைக் குடுத்துப் பிடிக்கணும். பைப் வழியா ரீடுக்கு அனுப்பி வாங்கிட்டேன்னு சந்தோசப்படாத. அது வழக்கமா வேற ஷெல்லுக்குள்ள நடந்து முடிஞ்சுரும். நீ எட்டிப் பாக்கும்போது உன் பக்கத்துல ஒண்ணும் இருக்காது. பவர்ஷெல் இதுக்கு நேர் எதிர். யாரும் பிடிக்காத பதில் எல்லாம் வெளிய வந்துரும். அரேலிஸ்ட்ல ஒரு சாமானைச் சேத்தா, அது எத்தனாவது எடம்கிற எண்ணும் கேக்காமலே உன் பதிலோட ஒட்டிக்கிட்டு வரும்.

சரி, எண்ணிக்கையை ஒழுங்கு பண்ணிட்டேன்னு மீசையை முறுக்குத. பைத்தானே ஆனாலும் எத்தனைன்னுதான் எண்ணும், எது எதுன்னு பாக்காது. ஊர் எங்க இருக்குன்னு ஒரு ஃபங்ஷனைக் கேக்க. நாம பேசும்போது அட்சரேகையை முதல்ல சொல்லுவோம். ஜியோஜேசன்ல தீர்க்கரேகைதான் முதல்ல. கோவில்பட்டி வடக்கே 9, கிழக்கே 78 பாகை வாக்குல இருக்கு. வரிசையை மாத்தி வாங்கினா வடக்கே 78, கிழக்கே 9. ஸ்வால்பார்ட் தீவுக்கு மேக்கே, குளிர்ந்த கடல்! கடலைமிட்டாய் வாங்க வந்தவனை அங்கன கொண்டு எறக்கிட்டு, என் கோட்ல எரரே இல்லைன்னு சாதிப்ப. ரெண்டும் எண்ணுதான், எண்ணிக்கையும் ரெண்டுதான். யாரு வந்து எரர் சொல்லுவா?

இதுக்கு ஒரே மருந்துதான், பேரு வையி. பைத்தான் பெரியவங்களே பட்டுத் தெளிஞ்சதுதான் இது. ஓஎஸ்.ஸ்டாட்கிட்ட ஒரு ஃபைலைப் பத்திக் கேட்டா, அந்தக் காலத்துல பத்துப் பதில் வரிசையா வரும். ஃபைலோட அளவு வேணும்னா 6ஆம் எண்ணுல எடுக்கணும்னு மனப்பாடம் பண்ணி வைக்கணும். பைத்தான் 2.2ல இருந்து எஸ்டி_சைஸ்னு பேரு சொல்லியே வாங்கிக்கிடலாம். 2.6ல நேம்டுடியூப்பிள் வந்துது, 3.7ல டேட்டாகிளாஸ் வந்துது. பிஎச்பி கூட 7.1ல பேரு சொல்லிப் பிரிச்சு வாங்க வழி விட்டுருச்சு. ஊரு உலகமே திருந்துது. நீ இன்னும் சைபர், ஒண்ணு, ரெண்டுன்னு விரல் விட்டுக்கிட்டு இருக்க.

என் கணக்கு இம்புட்டுத்தான். ரெண்டுன்னா கமா போதும், அதுவும் ஈவு மீதி மாதிரி வரிசை எல்லாருக்கும் தெரிஞ்சதா இருந்தா. மூணுன்னா ஒரு வாய்த் தண்ணி குடிச்சுட்டு யோசி. நாலு ஆச்சுன்னா பேரு வச்சுரு. இல்லைன்னா அந்த ஃபங்ஷன் நாலு வேலையை ஒண்ணாப் போட்டுக் கொழப்புதான்னு பாரு. ஒருநாள் ஒண்ணு, மறுநாள் ரெண்டுன்னு குடுக்குத ஃபங்ஷனை மட்டும் எழுதிராத. அதை வாங்குதவனோட சாபம் பொல்லாதது.

பேரு வைக்கவே முடியாதுன்னு அடம் பிடிச்சேன்னா, அதுக்கும் ஒரு யோகம் இருக்கு, அதையும் சொல்லிருதேன். ஏழு பதிலை வரிசையா, பேரில்லாம, குறிப்பு எழுதாம அனுப்பு. உன்னைத் தவிர எவனுக்கும் விளங்காது, உன்னை எவனும் வேலையை விட்டுத் தூக்கவும் மாட்டான். உன் கல்யாணத்தன்னைக்கு, மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கும்போது போன் வரும். "அண்ணே, அந்த அஞ்சாவது என்னதுண்ணே?"ன்னு ஒருத்தன் கேப்பான். அப்ப உனக்கே அது மறந்து போயிருக்கும். பொண்ணு வீட்டுக்காரங்க காதுல விழாமப் பேசு.