பித்தம் தலைக்கேறிய சி.பி.யு.: ஓர் ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், 2009இல் வாங்கிய மேசைக்கணினி ஒன்று. ப்ராசஸர் இரண்டு கோர், 65 வாட்; ரேம் 2 ஜி.பி. களம், திருச்சியில் ஒரு வீட்டுக் கூடத்தின் தென்மேற்கு மூலை. கனமான சாமான் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது வாஸ்து என்று முதன்மைத் தகவலாளி (ஆய்வாளரின் அம்மா) தெரிவித்தார். காலம், கத்திரி வெயில்.

இப்பொருளுக்கு உற்ற நோயாவது: திடீரென்று அணைந்துபோதல். நீலத்திரை காட்டாது, முனகாது, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாது. பிளக்கைப் பிடுங்கினாற்போல் பட்டென்று போய்விடும். சேமிக்காத கோப்பும் உடன்கட்டை ஏறும். அவ்வாறு ஏறியவற்றுள் குறிப்பிடத்தக்கவை ஒரு வருமானவரிக் கணக்கும், அக்கா மகளின் காதுகுத்து அழைப்பிதழும் (மூன்று முறை).

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. மேசைக்கடியில் இருக்கும் பெட்டி முழுவதையும் நாம் 'சி.பி.யு.' என்கிறோம். அந்தப் பெயருக்கு உண்மையில் உரியது, உள்ளே தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு சில்லு. உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகிவருவதால் இது சினையாகுபெயர். இலக்கணப்படி குற்றமில்லை, ஆனால் இந்த நோயின் வேரே இந்த ஆகுபெயரில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. வெள்ளிக்கிழமைதோறும் சி.பி.யு.வைத் துடைத்தாயிற்று என்று வீடே நிம்மதியாக இருந்தது. ஆகுபெயர் பளபளத்தது. இயற்பெயர் உள்ளே வெந்துகொண்டிருந்தது.

மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிந்ததுபோல் ஆய்வாளரும் கேட்டறிந்தார். முதற்கண் வைரஸ்வாதி. இவர் சர்வீஸ்காரர். "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு சார், ஃபார்மட் அடிச்சிரலாம்" என்பது இவரது மூலமந்திரம். இரண்டு முறை அடித்தார். புதுப்பிறவி எடுத்தும் முன்வினை தொடர்ந்தது. மூன்றாம் முறை, பிறப்பு பாதி நடந்துகொண்டிருக்கும்போதே, சிடி சுற்றச்சுற்றக் கணினி அணைந்தது. உள்ளே விண்டோஸே இல்லாத வேளையில் எந்த விண்டோஸ் கரப்ட் ஆனது என்று வினவியதற்கு அவர் விடை பகராமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

இரண்டாமவர் ரேம்வாதி, எதிர்வீட்டு பாலிடெக்னிக் மாணவர். ரேமைக் கழற்றி அதன் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினால் சரியாகிவிடும் என்பார். இவரை எள்ளி ஒதுக்க முடியாது. திரையே வராமல் பீப் பீப் என்று அலறும் கணினிக்கு இது கைகண்ட வைத்தியம். நம் கணினியிலும் அவர் தேய்த்து மாட்டியதும் கால் மணி நேரம் நன்றாக ஓடியது. அண்டை வீடுகளில் அவருக்குப் பெயரும் வந்தது. ஆனால் அவர் அக்கறையாகத் தேய்த்துக்கொண்டிருந்த இருபது நிமிடமும் பெட்டி திறந்துகிடந்து ஆறியது என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. குணமாக்கியது ரப்பரா, ஆறப்போட்டதா?

மூன்றாமவர் கரண்ட்வாதி. இவர் அப்பா. வோல்டேஜ் சரியில்லை என்று ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிவைத்தார். பெட்டிக்குள் மின்சாரம் பகிரும் எஸ்.எம்.பி.எஸ். பழுதானாலும் இதேபோல் பட்டென்று அணையும் என்பதால் இவர் கட்சி பாதி நியாயமானது. தெரிந்தவர் வீட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒருநாள் கடன்வாங்கி மாட்டியும் நோய் மாறாததால் விலக்கப்பட்டது. ஸ்டெபிலைசர் இப்போது ஃப்ரிட்ஜுக்கு உழைக்கிறது. எலுமிச்சம்பழம் கட்டிய நான்காம் கட்சியைப் பற்றி இங்கே விவாதிக்கப்போவதில்லை, அதே தகவலாளிதான் சமையலும் செய்கிறார்.

இனி அளவைகள். அனுமானத்துக்குத் தேவைப்பட்டது ஒரு பழைய பால்கணக்கு நோட்டு. காலை ஆறு மணிக்குப் போட்டால் ஐம்பத்திரண்டு நிமிடம் தாங்கியது. அணைந்த உடனே மறுபடி போட்டால் பதினொன்று. அடுத்து நான்கு. அதற்கடுத்து விண்டோஸ் படம் வருமுன்பே போயிற்று. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால் பத்தொன்பது. நள்ளிரவில் மீண்டும் நாற்பதுக்கு மேல். வைரஸுக்கு மணி பார்க்கத் தெரியாது. ரேமுக்கு மதியவெயில் தெரியாது. போன சூடு ஆறுமுன் அடுத்த சூடு ஏறினால்தான் இந்த இறங்குவரிசை வரும். இந்த ஒரு பக்கக் கணக்கை எழுதாமல் பெட்டியைத் திறப்பது நாடி பார்க்காமல் கஷாயம் கொடுப்பதற்குச் சமம்.

காட்சியளவை: கணினி உயிர்பெறும்போது டெலீட் விசையைத் தட்டித்தட்டி பயாஸுக்குள் போனால் 'பிசி ஹெல்த்' என்றொரு பக்கம். அங்கே ப்ராசஸரின் வெப்பநிலை கண்முன் ஏறிக்கொண்டிருந்தது. 71, 74, 79. பயாஸில் ப்ராசஸர் ஓய்வெடுக்காது என்பதால் சும்மா இருக்கும் விண்டோஸைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்; அதற்கு இடம்கொடுத்தாலும் 90ஐத் தாண்டி ஏறுவது முறையல்ல. 97இல் திரை இருண்டது. உரையளவையாக விண்டோஸ் தன் பதிவேட்டில் கெர்னல்-பவர் 41 என்று எழுதிவைத்திருந்தது. ஆள் போய்விட்டார் என்று மட்டும் சொல்லி, எதனால் என்று சொல்லாத சான்றிதழ் அது.

இவ்வாறு அணைவது சாவு அன்று என்பதையும் இங்கே நிறுவ வேண்டும். ப்ராசஸர் சூடேறினால் முதலில் தன் ஓட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லிவிடும். எல்லாச் சில்லுக்கும் இந்த ஞானம் தொடக்கத்திலேயே இருந்ததில்லை. 2001இல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற இணைய இதழ், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளின் தலையிலிருந்து சூட்டை வாங்கிக் காற்றில் விடும் ஹீட்சிங்கைப் பிடுங்கிப் படமெடுத்தது. அன்றைய அத்லான் சில்லு புகைந்து மாண்டது. பென்டியம் 4 நடையைத் தளர்த்திக்கொண்டு தொடர்ந்தது. அந்தப் பென்டியம் 4க்கும் சூடு பின்னாளில் பகையாயிற்று. 4 கிகாஹெர்ட்ஸ் பதிப்பு கைவிடப்பட்டதற்காக, 2004 அக்டோபரில் இன்டெல் தலைமை நிர்வாகி கிரேக் பாரெட் மேடையிலேயே முழங்காலிட்டார். வெப்பத்தின் முன் மண்டியிட்டவர்களில் நாம் முதல்வர் அல்லர்.

கோட்பாட்டுக்கு வருவோம். சூடான பொருள் ஆறும் வேகம், சுற்றியிருப்பதைவிட அது எவ்வளவு கூடுதல் சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை நியூட்டன் 1701இல் தன் பெயரைப் போடாமல் வெளியிட்டார். நம் கணினிக்கு இதன் பொருள் யாதெனின்: ஹீட்சிங்கும் ஃபேனும் சேர்ந்து வாட்டுக்கு அரை டிகிரி வீதம் சூட்டை நிறுத்திவைக்கும் என்று கொள்வோம். 65 வாட்டுக்குச் சுமார் 32 டிகிரி. அறை 30 என்றால் ப்ராசஸர் 62; சுகம். கத்திரியில் அறை 40 ஆனால் 72, பரவாயில்லை. அடைப்பு ஏறி, வாட்டுக்கு ஒரு டிகிரி ஆகிவிட்டால்? 40உம் 65உம் 105. ஆகவே வெயில் வெறும் பத்து டிகிரிக்குத்தான் பொறுப்பு. மார்கழியிலும் இந்த நோய் உள்ளே இருந்தது, தலை தூக்கவில்லை, அவ்வளவே. சித்த மருத்துவ மொழியில் சொன்னால், பித்தம் பெருகவில்லை, வாதம் ஓட வழியில்லை, நடுவே கபம்.

கபத்தைத் தேடி, மொட்டைமாடியில் நிழல் பார்த்து, அகழாய்வு தொடங்கியது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் ஃபேன் சுத்தமாகத் தெரிந்தது. வைரஸ்வாதியும் இதைப் பார்த்துத்தான் "தூசியெல்லாம் இல்ல சார்" என்றிருக்கிறார். ஃபேனின் நான்கு கால்களையும் திருகி ஹீட்சிங்கோடு தூக்கிப் பார்த்தபோதே உண்மை வெளிப்பட்டது. ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையே, மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி, ஒரு கம்பளி. ஒரே துண்டாக உரித்தெடுக்கும்படி இருந்தது. மண்ணடுக்கு வருமாறு: மேலே முகப்பவுடரும் போர்வைப் பஞ்சும், நடுவே கொசுவத்திச் சாம்பல், சாம்பிராணிக் கரி, அடியில் சமையலறை எண்ணெய்ப்பிசுக்கில் தோய்ந்த தலைமுடி, இரு தலைமுறையினது, ஒன்று நரைத்தது. பெட்டியின் அடித்தளத்தில் பல்லிமுட்டை ஓடு இரண்டு. முன்புறக் காற்றுத்துளைகளில் மட்டும் வேறுவகைப் படிவு: மஞ்சளாக, இறுகி, இலேசான மணத்துடன். ஆண்டுக்கொன்றாக ஆயுத பூஜைச் சந்தனம். காற்று உள்ளே வரவேண்டிய துளைகள் பாதிக்குமேல் பக்தியால் மூடப்பட்டிருந்தன. எஞ்சிய காற்றையும், மூன்று பக்கம் பிளைவுட் அடைத்த கம்ப்யூட்டர் டேபிளின் அந்தச் சிறைக்கொட்டடி திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

சிகிச்சை: பெயிண்ட் பிரஷ்ஷும் பிளோயரும். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு பென்சிலால் தடுத்துப் பிடிக்க வேண்டும். விளையாட்டாக அதைச் சுழலவிட்டால் பேரிங் போகும். ஃபேன் கரகரத்தால் நடுவில் உள்ள ஸ்டிக்கரை உரித்துத் தையல்மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காயெண்ணெய் விடுவோர் உண்டு. ஒரு பனிக்காலம் போதும், அது உறைந்து பாடம் சொல்லிவிடும். போர்டில் உள்ள கப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, இட்லிபோல் உப்பியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். நம்முடையவை தட்டை.

அடுத்து பேஸ்ட். ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இருந்த பழையது காய்ந்து சுண்ணாம்புக் காரையாகியிருந்தது. மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போகும். புதியது எவ்வளவு வைப்பது என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுகின்றனர். கடுகளவு என்பாரும், துவரம்பருப்பு என்பாரும், ரொட்டிக்கு வெண்ணெய்போல் தடவுவாரும் உளர். இக்கட்டுரை துவரம்பருப்புக் கட்சியைச் சார்ந்தது. பேஸ்ட் தன்னளவில் பெரிய வெப்பக்கடத்தி அன்று. தாமிரத்தின் முன் அது ஒன்றுமேயில்லை. இரண்டு உலோகப் பரப்புகளின் நுண்பள்ளங்களில் தங்கும் காற்று அதைவிட மகாமோசம் என்பதால், அந்தக் காற்றை வெளியேற்றும் அளவுக்கு மட்டுமே அது தேவை. பற்பசை வைப்போர் கட்சியும் ஒன்றுண்டு. ஈரம் இருக்கும்வரை அது வேலையும் செய்யும்.

எல்லாம் முடித்து மாட்டினால், கணினி இரண்டே நிமிடத்தில் அணைந்தது. முன்னைவிட மோசம். "நான் அப்பவே சொன்னேன்" என்று மூன்று கட்சியினரும் ஒரே குரலில் சொன்ன ஒரே சந்தர்ப்பம் இது. ஆய்வாளர் அன்றிரவு சரியாக உறங்கவில்லை. மறுநாள் காலை உற்றுநோக்கியபோது ஹீட்சிங்கின் ஒரு மூலை நகம் புகும் அளவுக்குத் தூக்கி நின்றது. அந்த நான்கு பிளாஸ்டிக் கால்களின் தலையிலும் ஓர் அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டும் பக்கம் திருகினால் கழலும். மாட்டுமுன் அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட வேண்டும், பிறகு எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும், 'டக்' கேட்க வேண்டும். மூன்று கால்கள் டக் என்றன. நான்காவதைத் திருப்ப மறந்து, அழுத்திய அழுத்தில் கேட்டதாக நினைத்துக்கொண்டது ஆய்வாளரின் செவிப்பிழை.

நான்காம் டக்குக்குப் பின் பயாஸில் 52. கத்திரி முடியுமுன்பே காதுகுத்து அழைப்பிதழ் முழுமையாக அச்சாயிற்று. கணினி, டேபிளின் சிறையிலிருந்து விடுதலை பெற்றுச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. ஆயுத பூஜைச் சந்தனத்தைப் பக்கவாட்டுத் தகட்டுக்கு மாற்ற முதன்மைத் தகவலாளி இசைந்துள்ளார். குங்குமத்தை மட்டும் பவர் பட்டன் மேல்தான் வைப்பேன் என்கிறார், பேச்சுவார்த்தை தொடர்கிறது.