கடைசி பெஞ்ச் அரை மாத்திரை பின்தங்குவது குறித்து

ஆலயத்தில் பாட்டை நடத்துகிறவர் ஆர்கன்காரர் என்றொரு நம்பிக்கை உண்டு. அது பெரும்பாலும் ஆர்கன்காரர்களிடம் மட்டுமே காணப்படுகிறது. திருநெல்வேலிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. கோயில் ஒன்றில் இருபது வருஷம் ஞாயிறு தவறாமல் கட்டையில் கைவைத்தவன் என்ற ஒரே தகுதியில் அதை மறுக்கத் துணிகிறேன்.

முன்னோடிகளைத் தேடினால் 1706 பிப்ரவரிக்குப் போக வேண்டும். ஜெர்மனியில் ஆர்ன்ஷ்டாட் என்ற ஊரில் இருபது வயது ஆர்கன்காரர் ஒருவரைத் திருச்சபை மேலிடம் நிறுத்தி விசாரித்தது. நாலு வாரம் லீவு கேட்டுப் போனவர் நாலு மாதம் கழித்து வந்தார் என்பது ஒரு குற்றம். ஞானப்பாட்டுக்குள் புரியாத சுரங்களைக் கலந்து சபையைக் குழப்புகிறார் என்பது அதைவிடப் பெரிய குற்றம். அவர் பெயர் யோகான் செபாஸ்டியன் பாக். அதே வருஷம் ஜூலையில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். ஆக, லுத்தரன் பாட்டு நம் கரையேறுவதற்கு முன்பே அதை வாசிக்கிறவர் மேல் புகார் ஏறிவிட்டது.

இனி அளவை. கோயில்பிள்ளை நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, ஆர்கனிலிருந்து கடைசி பெஞ்ச் வரை அளந்தேன். 34 மீட்டர். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் ஓடும். என் விரல் அமுக்கியது கடைசி பெஞ்சின் காதுக்குப் போக விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அவர்கள் பாடியது என்னிடம் திரும்பி வர இன்னொரு பங்கு. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம் என்கிறது இலக்கணம். ஓர் இமைப்பை விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், கடைசி பெஞ்ச் என்னைவிட அரை மாத்திரை பின்னால் இருக்கிறது. அதாவது சரியாக ஒரு மெய்யெழுத்து. போய்த் திரும்பினால் ஒரு குறில். (பின்சுவரில் ஸ்பீக்கர் மாட்டிய சபைகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. அவர்கள் பின்தங்குவதற்கு வேறு சாக்குத்தான் தேட வேண்டும்.)

விபரீதம் இதற்கு அப்புறம்தான். பின்தங்கியவர்கள் வந்து சேரட்டும் என்று நான் நிதானிக்கிறேன். நான் நிதானிப்பதைக் கேட்டு அவர்கள் இன்னும் நிதானிக்கிறார்கள். நாலாம் கவி வரும்போது பாட்டு தேர் நிலைக்குத் திரும்புகிற கதியில் நகர்கிறது. பழகின கை இந்த இடத்தில் காத்திருக்காது. கட்டையை ஒட்டி அழுத்தாமல் விட்டுவிட்டு எடுக்கும், கவி முடிந்தால் சபைக்கு மூச்சுவிட அளவாக இடம் கொடுக்கும். ஆர்கனுக்கு மூச்சு முட்டாது என்பதால் இதை மறக்கிறவர்கள் அதிகம். வாசிக்கிறவர் கூடவே வாய்விட்டுப் பாடினால் மறக்காது.

தமிழில் இன்னொரு சிக்கல். பாமாலை மெட்டு பெரும்பாலும் மேனாட்டிலிருந்து வந்தது. நம் குறில் போய் அதன் நீண்ட சுரத்தில் உட்கார நேர்ந்தால், வேறு வழியில்லாமல் நெடிலாகிறது. ஆச்சிமார் வாயில் அளபெடையும் தாண்டுகிறது. இதற்கும் நன்னூலில் இடம் இருக்கிறது. பாடும்போதும், கூப்பிடும்போதும், பண்டம் கூவி விற்கும்போதும் எழுத்து தன் அளவு கடந்து ஒலிக்கலாம் என்று பவணந்தி முனிவர் அனுமதித்துவிட்டார். அறுப்பின் பண்டிகையன்று கோயில் வளவில் வாழைத்தார் ஏலம் போனதைக் கேட்டவர்களுக்கு அந்தச் சூத்திரம் முழுசாக விளங்கும்.

ஆச்சிமார் என்றேன். ஆய்வின் மையமே மூன்றாம் பெஞ்ச் ஆச்சிதான். ஒரு தடவை கல்யாணப் பாட்டுக்கு ஒத்திகை பார்த்துவிட்டு, கீபோர்டில் டிரான்ஸ்போஸை இரண்டு கட்டை ஏற்றினபடியே மறந்துவிட்டேன். ஞாயிறு முதல் பாட்டிலேயே உச்ச வரிக்குக் கொயர் கழுத்து நரம்பு புடைக்கப் போராடியது. ஆண்கள் பக்கம் உதடு மட்டும் அசைந்தது. ஆச்சி தலையைக்கூடத் தூக்கவில்லை. தனக்கு வாகான சுதியில், தன் வேகத்தில் அடுத்த வரியை எடுத்தார். ரெண்டே வரியில் மொத்தக் கோயிலும் அவர் பின்னால் போய்விட்டது. நானும் சத்தம் காட்டாமல் பொத்தானை இறக்கி, எட்டிப் பிடித்துச் சேர்ந்துகொண்டேன். முடிந்து வெளியே வரும்போது கேட்டார்: “எய்யா, ஒன் பெட்டிய யாரும் வெரட்டுதாவளா? அந்தப் பாடு ஏறிக்கிட்டுப் போவுது!”

அன்றிலிருந்து முன்னிசை வாசிக்கும்போது என் கண் நோட்டுப் புத்தகத்தில் இருப்பதில்லை. ஆச்சியின் தோள்பட்டை மூச்சுக்கு உயர்வதைப் பார்த்துத்தான் முதல் கவியைத் தொடங்குகிறேன். காணிக்கைப் பாட்டுக்கு மட்டும் விதிவிலக்கு: அதை நடத்துவது காணிக்கைப் பை. பை பலிபீடத்துக்கு வந்து சேரும்வரை கடைசிக் கவி எத்தனை தரம் வேண்டுமானாலும் திரும்பும்.

ஆமென் பற்றி ஒரு குறிப்பு பாக்கி. அதன் இறுதியிலுள்ள னகர ஒற்று, ஒற்றளபெடை கொள்ளும் எழுத்துகளில் ஒன்று. அளபெடுத்தால் ஒரு மாத்திரை என்பது கணக்கு. நான் விரலை எடுத்து, ஸ்விட்சையும் அணைத்துவிடுகிறேன். ஆச்சியின் ன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டு மூடி, பாட்டுப் புத்தகத்தை மஞ்சப்பையில் வைத்தும் விடுகிறார்.