எதிர்மறை எதிர்காலத்தில் வினையடையின் இருக்கை: ஓர் ஆய்வு

ஆங்கிலேயர் வருவதாக இருந்தால் ‘ஐ வில் ப்ராபப்ளி கம்’ என்பார். வராத உத்தேசமென்றால் ‘ஐ ப்ராபப்ளி வோண்ட் கம்’. வரும்போது ‘வில்’லுக்குப் பின்னால் அடக்கமாக நின்ற வினையடை, வராதபோது முன்னால் பாய்ந்துவிடுகிறது. இந்தப் பாய்ச்சலுக்குத் தனி ஆய்வேடு வேண்டுமென்று உலகில் எவரும் கேட்கவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை போக்குகிறது. முந்தைய ஆய்வுகள் எதையும் ஆய்வாளர் படிக்கவில்லை. படித்தால் நடுநிலை கெடும் என்பது அவரது ஆய்வு நெறி.

பாய்ச்சலுக்கான காரணம் எளிது. ஆகவே ஆய்வுக்கு உகந்ததன்று. ஆயினும் சொல்லிவிடலாம். ‘வில் நாட்’ என்று பிரித்து எழுதினால் நடுவே ஒரு சந்து இருக்கிறது. ‘வில் ப்ராபப்ளி நாட்’ என்று வினையடை அதில் நுழைந்துகொள்ளும். பேச்சில் இரண்டும் ஒட்டி ‘வோண்ட்’ ஆனதும் சந்து அடைபடுகிறது. பின்னால் போகலாமே என்றால், எதிர்மறையின் ஆட்சிக்குக் கீழே குடியிருக்க ‘ப்ராபப்ளி’ சம்மதிப்பதில்லை. ஒட்டும்போது ‘வில்’ ஏன் ‘வோ’ ஆனது என்றால், இடைக்கால ஆங்கிலத்தில் ‘வில்’லுக்கு ‘வோல்’ என்றொரு பங்காளி உண்டு. சொத்தெல்லாம் ‘வில்’லுக்குப் போய்விட, ‘வோல்’ இந்த ‘வோண்ட்’டுக்குள் மட்டும் ஒளிந்து பிழைத்தது.

இனி வகைப்பாடு. ‘நெசசரிலி’ பின்னால்தான் உட்காரும்: ‘இட் வோண்ட் நெசசரிலி ரெயின்’, பெய்தே தீரும் என்றில்லை (சான்று: லண்டன் பேருந்து நிறுத்தம், வாய்மொழி). ‘டெஃபனிட்லி’ முன்னால் இருந்தால் மழை நிச்சயமாக இல்லை. பின்னால் போனால் மழை வருமென்று நிச்சயமில்லை (சான்று: மேற்படி நிறுத்தம், பேருந்து வராத பகுதி, பாடபேதங்களுடன்). ‘ஸ்டில்’ முன்னால் நின்று பிடிவாதம் காட்டும் (சான்று: மேற்படி மழை, திருத்திய பதிப்பு, குடைக்காரர் உரை, அதற்குக் குடை இல்லாதவர் எழுதிய மறுப்புரை, நனைந்த சுவடியின் நகலிலிருந்து).

‘யெட்’ வாக்கியக் கடைசியில் வரும்.

இத்துறையின் மூலநூல் ஏதேன் தோட்டத்தில் கிடைக்கிறது. ஆதியாகமம் 3:4இல் பாம்பு ஏவாளுக்கு மரணமில்லை என்று வாக்களிக்கிறது. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் பைபிளில் அந்த வாக்குறுதியில் ‘ஷ்யூர்லி’ என்ற வினையடை ‘நாட்’டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் இருந்திருந்தால் ‘நிச்சயமாகச் சாகமாட்டீர்கள்’. பின்னால் இருப்பதால், இன்றைய காதுக்கு, ‘சாவீர்கள் என்று நிச்சயமில்லை’. முதலாவது பச்சைப் பொய். இரண்டாவது இன்ஷூரன்ஸ் ஏஜெண்டின் பேச்சு. எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். பாம்பின் வக்கீல், ஆதாம் பழத்தைத் தின்ற பிறகும் மொத்தத்தில் 930 வருஷம் வாழ்ந்ததை (ஆதியாகமம் 5:5) எடுத்துக்காட்டுவார். அப்புறம் ஆதாம் இறந்துபோனதும் அதே வசனத்தில் இருப்பதை எதிர்த்தரப்பு சுட்டும். எபிரேய மூலத்தில் சிக்கலே இல்லை: ‘சா’ என்னும் வினை அழுத்தத்துக்காக இரட்டித்து நிற்க, எதிர்மறை அந்த இரட்டைக்கு முன்னால் நிற்கிறது. வினையடை மொழிபெயர்ப்பாளர் கைச்சரக்கு. அதை எங்கே வைப்பதென்று அப்புறம் வந்தவர்களும் தவித்தார்கள். 1952ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பு வினையடையையே தூக்கிவிட்டது. இன்னொரு புகழ்பெற்ற பதிப்பு 2011இல் ‘ஷ்யூர்லி’யை அனுப்பிவிட்டு ‘சர்ட்டன்லி’யை நியமித்தது. ஆள் மாறினார், நாற்காலி அதேதான். மனிதகுலத்தின் வீழ்ச்சிக்குப் பழத்தைவிட வினையடையே காரணம் என்ற கருதுகோளை ஆய்வாளர் முன்வைக்கிறார். மாற்றுக் கருத்துடையோர் பாம்பை அணுகலாம்.

வினையடை இல்லாவிட்டாலும் எதிர்காலத்திலேயே வழுக்கும் இடங்கள் உண்டு. 1653இல் ஜான் வாலிஸ், ஆங்கில இலக்கணத்தை லத்தீனில் எழுதி, தன்மைக்கு ‘ஷல்’, மற்றவருக்கு ‘வில்’ என்று விதித்தார். மாற்றிப் போட்டால் முன்னறிவிப்பு போய் உறுதி வந்துவிடும். இதிலிருந்து பிறந்ததே ஆற்றில் விழுந்த அயல்நாட்டுக்காரர் கதை. பதற்றத்தில் இரண்டையும் இடம்மாற்றிக் கத்தினாராம்: நான் மூழ்கியே தீருவேன், எவரும் என்னைக் காப்பாற்றக் கூடாது! கரையிலிருந்த இலக்கணப் பற்றாளர்கள் அவர் விருப்பத்துக்கு மதிப்பளித்தார்கள். 1906இல் ஃபவுலர் சகோதரர்கள் ‘தி கிங்ஸ் இங்கிலீஷ்’ நூலில் இதே விதியை விளக்கப் புகுந்தார்கள். தென் இங்கிலாந்துக்காரருக்கு இந்தப் பகுதி தேவையில்லை, மற்றவருக்குப் பயன்படாமல் போகும் அபாயம் உண்டு என்று முதலிலேயே ஒப்புக்கொண்டார்கள். பிறகு பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆய்வுலகில் இத்தகைய நேர்மை அரிது. பெரும்பாலோர் முதல் பாதியைச் சொல்வதில்லை.

வினையடையின் இருக்கை அரசாங்கத்தையும் அசைக்கும். 2009 ஜனவரி 20 அன்று ஒபாமாவுக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், ‘வில்’லை ஒட்டி வரவேண்டிய ‘ஃபெய்த்ஃபுல்லி’யை வாக்கியக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். ஒபாமா தயங்கி நின்றார். துணைவினையையும் வினையையும் பிரிக்கக் கூடாதென்ற பழைய வாத்தியார் பயம் நீதிபதியின் உள்மனதில் வேலை செய்திருக்கிறது என்று மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் எழுதினார். எதற்கும் இருக்கட்டுமென்று மறுநாள் வெள்ளை மாளிகையில் பிரமாணம் திரும்பவும் நடந்தது. அந்த வாக்கியத்தில் ‘நாட்’ இல்லாதது அமெரிக்காவின் அதிர்ஷ்டம். இருந்திருந்தால் மூன்றாம் நாளும் வேண்டியிருக்கும்.