கூட்டம் போட்டே புயலை நிறுத்துவது எப்படி?

மருத்துவமனை மேம்பாட்டுக் குழுவில் உங்கள் பெயரும் ஏறிவிட்டதா? வாழ்த்துகள். 'இப்படி நடந்தால் என்ன செய்வோம்?' என்று முன்கூட்டியே யோசித்து ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்லியிருப்பார்கள். அதுவும் மரக்காணம் கரையில் வேலை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். புயல், வெள்ளம், விஷச்சாராயம், உப்பள வெயில் எல்லாம் வாசலுக்கே வரும். பதறாமல் கீழே உள்ளபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள்.

1. கூட்டத்தை விழுப்புரத்தில் போடுங்கள். அங்கிருந்து கடல் தெரியாது. கிராம சுகாதார செவிலியர், 108 ஓட்டுநர், குப்பத்துப் பெரியவர்கள் யாரையும் அழைக்காதீர்கள். எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று அவர்களுக்குத் தெரியும். பேச்சு நீளும், போண்டா ஆறிவிடும்.

2. போன புயலுக்குத் திட்டம் எழுதுங்கள். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரையேறியது. ஆகவே மரம் அறுக்கும் இயந்திரம், டார்ச் லைட், கயிறு. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்தது. புதுச்சேரி அருகே கரையேறிய பிறகும் நகர மனமில்லாமல் நின்று கொட்டியது. கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. இதற்கெல்லாம் கலங்கக் கூடாது. பழைய கோப்பில் 'நிவர்' என்பதை அடித்து 'ஃபெஞ்சல்' என்று எழுதி, கயிறுக்குக் கீழே ஒரு படகைச் சேருங்கள். திட்டம் தயார். "அடுத்தது வேறு மாதிரி வந்தால்?" என்று கேட்பவரைச் சிற்றுண்டிப் பொறுப்புக்கு மாற்றுங்கள்.

3. மூன்று எதிர்காலங்களை வரையுங்கள்: நல்லது, கெட்டது, நடுத்தரம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நடுத்தரத்தைத் தேர்ந்தெடுங்கள். 1970-களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்பவர் வேறு மாதிரி செய்தார். எண்ணெய் விலை தாறுமாறாக ஏறினால் என்ன கதி என்று மேலதிகாரிகளை உட்கார வைத்து யோசிக்க வைத்தார். 1973-ல் விலை ஏறவும் செய்தது. உங்களுக்கு எதற்கு அந்த வம்பு? நடுத்தர எதிர்காலத்தில் கரண்ட் இரண்டு மணி நேரம்தான் போகும், டாக்டர் லீவில் இருக்க மாட்டார்.

4. ஒரே இரவில் இரண்டு கஷ்டங்கள் வர அனுமதி கொடுக்காதீர்கள். புயலுக்கு ஒரு பக்கம், பிரசவத்துக்கு ஒரு பக்கம். தேதி நெருங்கிய கர்ப்பிணிகளின் பெயர்கள் 'பிக்மி' என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவேட்டிலேயே இருக்கின்றன. புயலுக்கு முன்பே அவர்களை அழைத்து வந்து படுக்கை கொடுப்பதும் தமிழ்நாட்டில் நடக்கிற வேலைதான். அந்தப் பட்டியலையும் வானிலை அறிக்கையையும் மட்டும் ஒரே மேசையில் வைத்துவிடாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரம் விழுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

5. விஷச்சாராயத்தைத் திட்டத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். இதுதான் மிக முக்கியமான படி. அது போலீஸ் வேலை என்று முதலிலேயே ஒதுக்குங்கள். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 10-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் பங்குக்கு அதை 'வரலாறு' என்ற தலைப்பில் போட்டு மூடிவிடுங்கள். மெத்தனால் பொறுமைசாலி. குடித்தவன் அரை நாள் வரை வெறும் போதையில் இருப்பவன் போலத்தான் தெரிவான். பிறகு வயிற்று வலி, மங்கும் பார்வை, மேல்மூச்சு. முதல் ஆள் வந்ததும் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்புங்கள். "உன்னோடு யாரெல்லாம் குடித்தார்கள்?" என்று கேட்காதீர்கள், கேட்டால் தெருவுக்குள் போய் மீதிப் பேரைத் தேட வேண்டியிருக்கும். மாற்று மருந்தான ஃபோமிபிசோல் எங்கே இருக்கிறது, அது இல்லாவிட்டால் எத்தனால் கொடுக்க யாருக்குத் தெரியும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு டயாலிசிஸ் செய்ய முடியும்? இந்தக் கேள்விகளைச் 'சமயம் வரும்போது' பட்டியலில் போடுங்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்டோர் இதே விஷத்தில் இறந்தபோது உங்கள் குழு கலங்கியிருக்கத் தேவையில்லை. 2019-லேயே கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டது. நம் எல்லைக்குள் வராது.

6. மெதுவாக வருவதை ஆபத்து என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். டிவியில் வராதது எப்படி ஆபத்தாகும்? சித்திரை வெயிலில் பாத்தியில் உப்பு வாருகிற பெண்கள், ஒதுங்க ஒரு கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு உப்பளங்களை ஆராய்ந்தவர்கள் வெப்பத்தையும் சிறுநீரகம் நலிவதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். நீங்கள் 'நிறையத் தண்ணீர் குடிப்பீர்' என்று ஒரு போஸ்டர் அச்சடியுங்கள். மருத்துவமனைக்குள் மாட்டுங்கள், ஃபேனுக்கு நேர் கீழே.

7. யார், எப்போது என்று எழுதாதீர்கள். 'இத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தால் இன்னார் ஜெனரேட்டரைத் தரைமட்டத்திலிருந்து மேலே ஏற்ற வேண்டும்' என்பதெல்லாம் ஆளை மாட்டிவிடும் வாக்கியம். 'தேவைப்படின் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதுங்கள். எடுப்பவர் யார் என்று அந்த வாக்கியத்திடம் கேட்டாலும் சொல்லாது. டீசல் அறைச் சாவி யாரிடம் என்பதும் அப்படியே இருக்கட்டும்.

8. ஒத்திகையைக் காலை 11 மணிக்கு, வெயில் நாளில், பேனர் கட்டி நடத்துங்கள். எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஸ்ட்ரெச்சரில் படுப்பவர் ஒல்லியாக இருப்பது நல்லது. இரவு இரண்டு மணிக்குக் கரண்டை அணைத்துப் பார்க்கலாம் என்கிற இளம் டாக்டர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு மாற்றல் வரும்வரை பொறுத்திருங்கள்.

9. திட்டத்தை வண்ணத்தில் அச்சிட்டு நான்கு பிரதி எடுங்கள். ஒன்று மாவட்டத்துக்கு, ஒன்று தணிக்கைக்கு, ஒன்று பீரோவுக்கு, ஒன்று புகைப்படத்தில் கையில் பிடிக்க. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒரு பிரதி கேட்டால் கொடுக்காதீர்கள். முதல் பக்கத்தைப் படித்ததுமே, "சார், கழுவெளி ஏரி நிரம்பினால் எந்த வழியாகப் போவது?" என்று கேட்டுவிடுவார்.