மூன்றரை மணி மேனேஜர்

சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஷிப்ட் பஸ்ஸை விட்டு இறங்குகிற யாரிடமும் மணி கேட்டால், மணி சொல்வார்கள். சேல்ஸ் மேனேஜரிடம் கேட்டுவிடாதீர்கள். "எந்த ஊர் மணி?" என்பார்.

இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய், ஒரகடத்தில் ஜெர்மனியின் டைம்லர் என்று இருக்கிற சாலையில், உதிரிபாகம் விற்றுப் பிழைக்கிறவர் வேறென்ன செய்வார்? சியோல் நமக்கு மூன்றரை மணி முன்னால். ஸ்டட்கார்ட் கோடையில் மூன்றரை மணி பின்னால். அவர் பல் துலக்குமுன் கொரியாக்காரர் கூப்பிடுவார். சாப்பிட உட்கார்ந்தால் ஜெர்மன்காரர். அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பா கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளும். பகல் 1.30 மீட்டிங் 2.30க்குப் போகும். போன் காலண்டர் தானாக நகர்ந்துவிடும், இவர் நகரமாட்டார். திரையில் தன் முகத்தையே பார்த்தபடி, "ஒருத்தனுக்கும் டிசிப்ளின் இல்லை" என்பார்.

விமானம் ஏறினால் கூத்து முற்றும். ஸ்டட்கார்ட்டில் பிற்பகல் 3 மணிக்குச் சந்திப்பு என்பதை ஒரகடத்திலிருந்தே குறித்துவைப்பார். போன் அதை இந்திய 3 மணி என்றே எடுத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் அங்கே இறங்கியதும் அது 10.30 ஆகிவிடும். நாலரை மணி முன்னதாகப் போய் ரிசப்ஷனில் உட்கார்ந்து காபி மேல் காபியாகக் குடிப்பார். சியோலில் அதே 3 மணி மாலை 6.30 ஆகும், அங்கே காபி கொடுக்கக்கூட ஆள் இருக்காது. "ஜெர்மன்காரனுக்கு உபசாரம் தெரிகிறது, கொரியாக்காரனுக்குத் தெரியவில்லை" என்று ஊருக்கு வந்து தீர்ப்பளிப்பார்.

ராகுகாலமும் அவரோடு பயணம் போகும். திங்கள் 7.30 முதல் 9 வரை கொட்டேஷன் கொடுக்கமாட்டார். சியோலில் திங்கள் காலை 8 மணிக்குக் கொடுக்க நேர்ந்தால், "நம்ம ஊர்ல இப்போ நாலரைதான்" என்பார். 11.30க்கு நேர்ந்தால், இங்கே நமக்கு எட்டு மணி. உடனே, "கொரியாவில் இருக்கும்போது கொரிய நேரம்தான் கணக்கு" என்பார். ராகுவே குழம்பி ஒதுங்கிவிடுவார்.

உள்ளூர் மீட்டிங்குக்கு ஒன்பது நிமிடம் தாமதமாக வருவது அவர் வழக்கம். அதற்கும் சரித்திரம் வைத்திருக்கிறார். 1802இல் வானியலாளர் கோல்டிங்ஹாம் கணித்த மதராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால்; 1906இல் வந்த இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால். "நான் மதராஸ் டைமுக்கு கரெக்டா வந்திருக்கேன் சார்!"

வெளிநாடு கிளம்புகிறவர்களே, காலண்டரில் மணியைக் குறிக்கும்போது அது எந்த ஊர் மணி என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். அதற்கென்று தனிக் கட்டமே இருக்கிறது. நம் மேனேஜர் அதை இன்னும் திறந்து பார்க்கவில்லை.