ராணி அங்கிள்

கொழும்பில் தமிழர் வசிக்கும் எந்தத் தெருவிலும் ஒரு ராணி அங்கிள் இருப்பார். இளைப்பாறிய அரசாங்க கிளார்க். வீடு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ; பிள்ளைகள் லண்டனில். விகாரமகாதேவிப் பூங்கா அவருக்கு இன்றைக்கும் விக்டோரியா பார்க்தான். மீன் வாங்க பேலியகொடைக்குப் போகும்போது பஸ் கண்டக்டரிடம் களனிப் பாலத்தை 'விக்டோரியா பிரிட்ஜ்' என்பார். கண்டக்டருக்கு அந்த அம்மாளைத் தெரியாது. ஆனாலும் சரியான இடத்தில் இறக்கி விடுவார்.

1954 ஏப்ரலில் இளம் எலிசபெத் இலங்கைக்கு வந்தபோது அங்கிள் அப்பாவின் தோளில் இருந்து பார்த்தவர். "என்னைப் பார்த்துத்தான் கையசைச்சவ" என்பார். கொழும்பில் உள்ள ஒவ்வொரு ராணி அங்கிளுக்கும் அவர் தனித்தனியாகக் கையசைத்திருக்கிறார். பாவம், அந்தப் பயணத்தில் வேறு அலுவல் பார்க்க நேரமே கிடைத்திராது.

2022 செப்டெம்பர் 8ஆம் திகதி ராணியார் காலமானார். இலங்கை அரசாங்கம் கொடிகளை அரைக்கம்பத்தில் இறக்கி, 19ஆம் திகதி திங்கட்கிழமையைத் தேசிய துக்கதினமாக்கி, அரச அலுவலகங்களுக்கு லீவும் விட்டது. அங்கிள் அதற்கு முந்தின வாரமே சட்டைக் கையில் கறுப்புத் துண்டொன்றைக் குத்திக்கொண்டு பேலியகொடைச் சந்தைக்குப் போனார். அந்த வருஷம் நாடு கண்ட கறுப்பெல்லாம் ஜனாதிபதி கோத்தபாயவுக்கு எதிரான கறுப்பு. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஹட்டன் பக்கத்து நாட்டாமை ஒருவர் மரியாதையாகக் கேட்டார்: "எந்த யூனியனுங்கய்யா? எப்ப ஸ்ட்ரைக்கு?"

விளக்கம் சொன்னதும் ஆளாளுக்கு ஒரு கவலை வெளிவந்தது. வெளிநாடு போக ஓடித்திரிந்த கடைப் பெடியனுக்கு, திங்கட்கிழமை பாஸ்போர்ட் ஒஃபிஸும் பூட்டு என்ற கவலை. லொறிக்காரர், புது ஜனாதிபதி ரணில் செத்தவீட்டுக்கு லண்டன் போவதைக் கேட்டு, "நாட்டை விட்டு ஓடின கோத்தபாய இப்பதான் திரும்பி வந்தார், அதுக்குள்ள இவர் போறாரா?" என்றார்.

கணக்குப்பிள்ளைதான் விவரமான ஆள். "1972 மட்டும் அவ எங்களுக்கும் ராணிதானே அங்கிள்? 56இல சிங்களம் மட்டும் சட்டம் வரேக்க என்ன செய்தவ?"

இதற்கு அங்கிளிடம் எப்போதும் தயாராக ஒரு பதில் உண்டு. "கோடீஸ்வரன் வழக்கு தெரியுமோ? சிங்களப் பரீட்சை எழுதமாட்டன் எண்ட கிளார்க்குக்குச் சம்பள உயர்வை நிப்பாட்டினவை. 69இல லண்டன் பிரிவி கவுன்சில்தான் அவர் வழக்குப் போடலாம் எண்டு தீர்த்தது!" மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை அந்தக் கவுன்சில் தீர்க்காமலே இங்கே திருப்பி அனுப்பியதை அங்கிள் சொல்வதில்லை. தாம் அந்தப் பரீட்சையை எழுதி, உயர்வையும் வாங்கிக்கொண்டதையும் சொல்வதில்லை.

பேச்சை மாற்ற அங்கிள் போனை எடுத்தார். ராணியாரின் பெட்டியைப் பார்க்க வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு நீண்ட வரிசை. தேம்ஸ் கரையோரம் மைல் கணக்கில் சனம். இலக்கம் போட்ட பட்டியைக் கையில் கட்டிக்கொண்டு இரவிரவாக நிற்கிறார்கள். பந்தடிக்காரர் டேவிட் பெக்காமே பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருக்கிறார்.

அந்த வருஷம் பெற்றோலுக்கும் காஸுக்கும் டோக்கன் வாங்கி நாட்கணக்கில் தெருவில் படுத்தெழும்பிய சந்தை முழுவதும் அந்தச் சின்னத் திரையைச் சூழ்ந்துகொண்டது. ராணிக்குக் கிடைக்காத பயபக்தி கியூவுக்குக் கிடைத்தது.

"என்னாங்கய்யா குடுக்குறாங்க அங்க?" என்றார் நாட்டாமை.

"ஒண்டும் குடுக்கிறதில்லை. பெட்டியைப் பார்த்துத் தலை குனிஞ்சிட்டுப் போறது."

"ஒண்ணுமே குடுக்க மாட்டாங்களா? பெறகு எதுக்கு டோக்கனு?"

ஏழு பதிற்றாண்டு அரசாட்சியின் பெருமையை அங்கிள் இருபது நிமிடம் விளக்கினார். கேட்டு முடித்த நாட்டாமை, வரிசையில் தள்ளுமுள்ளு இல்லாததை மட்டும் மனதாரப் பாராட்டிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போனார்.

மீன்கடையில் அங்கிள் துக்க விலை கேட்டுப் பார்த்தார். ஓகஸ்ட் மாதம்தான் மீன்பிடிப் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் பாய்ந்திருந்தது. யார் செத்தாலும் தன் பாரை மீன் இறங்காது என்றார் வியாபாரி. அரைக்கிலோவுடன் வெளியே வந்த அங்கிள் லண்டன் மகனை வட்ஸ்அப்பில் அழைத்தார்.

"கியூவில நிண்டியோ தம்பி?"

"இல்லையப்பா. திங்கட்கிழமை இங்கயும் லீவு விட்டிருக்கினம். அண்டைக்கு நல்லா நித்திரை கொள்ள வேணும்."