ஜோடி சேர்ந்தும் பாடாத பெட்டி

எஞ்சினும் பெட்ரோலும் நான்கு டயரும் இருந்தால் கார் ஓடிவிடும் என்பது இயந்திரவியல் நூல்கள் பரப்பிவரும் கருத்து. தங்கவயல் பக்கம் இதை ஏற்பவர் குறைவு. ராபர்ட்சன்பேட்டையில் காரை எடுத்து, பங்காரப்பேட்டை வந்து, தெற்கே பூதிகோட்டைக்குப் போக நினைக்கும் எவரும் முதலில் சாவியைத் திருப்புகிறார். அடுத்து மொபைலை எடுக்கிறார். மூன்றாவதாக, "இன்னாடா இது, கனெக்டே ஆவ மாட்டேங்குது" என்கிறார். அந்த வாக்கியத்துக்கும் கார் நகர்வதற்கும் இடைப்பட்ட காலமே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

இப்பொருளில் முன்னோர் நூல் எதுவும் இல்லை. காரோடு வரும் கையேட்டைச் சிலர் எடுத்துக் காட்டலாம். அது உறை பிரியாமல் டேஷ்போர்டு டிராயரில், இன்சூரன்ஸ் காகிதத்துக்கும் காய்ந்துபோன எலுமிச்சம்பழத்துக்கும் நடுவே பத்திரமாக இருக்கிறது. ஆகவே வாய்மொழி மரபையும் நேரில் கண்டதையும் நம்பியே மேற்செல்ல வேண்டியிருக்கிறது.

ஆய்வுக்களம் ஏன் பூதிகோட்டைச் சாலை என்று கேட்கலாம். முதற்காரணம், கம்பி விஷயத்தில் இந்த வட்டாரத்துக்கு உள்ள மூப்பு. காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902 இல் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயல் சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் உலகத்தின் நீளமான மின்தடங்களில் அதுவும் ஒன்று. பெங்களூர்த் தெருக்களுக்கே 1905 இல்தான் மின்விளக்கு வந்தது. 147 கிலோமீட்டரை அனாயாசமாகத் தாண்டிய வட்டாரத்தில், டிரைவர் மடியில் கிடக்கும் போனிலிருந்து டேஷ்போர்டு வரையுள்ள ஒரு முழத்தைத் தாண்ட முடியவில்லை என்றால் அது ஆராயத் தக்கதே. இரண்டாவது காரணம் ஹைதர் அலி. அவர் பிறந்த ஊர் பூதிகோட்டை. அவருக்கும் கார் ஸ்டீரியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கவும்.

இணைப்பு முறையில் இரண்டு சம்பிரதாயங்கள் உண்டு. சரணாகதியை விளக்க வைணவ ஆசாரியர்கள் இரண்டு நியாயம் சொல்வார்கள். வடகலையாருக்குக் குரங்குக் குட்டி: தாயை அதுதான் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையாருக்குப் பூனைக் குட்டி: அது பாட்டுக்குக் கிடக்கும், தாய் வந்து கவ்விக்கொண்டு போகும். வயரில் கனெக்ட் செய்வோர் வடகலை. போன் தன் முயற்சியால் காரைப் பற்றிக்கொண்டிருக்கிறது. மேடு பள்ளத்தில் பிடி நழுவினால் பாட்டு போயிற்று. ப்ளூடூத்காரர்கள் தென்கலை. போனைச் சட்டைப்பையில் போட்டபடி ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். கவ்வ வேண்டியது காரின் பொறுப்பு. கவ்வாமல் தாய் சும்மா இருந்துவிட்டால் குட்டி என்ன செய்வது என்பதற்குத் தென்கலையில் விடை தேடிப் பயனில்லை. 2014 இல் ஆப்பிள் கார்ப்ளேயும் கூகுள் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் அறிவிக்கப்பட்டபோது இரண்டுமே குரங்குக் கட்சியாகத்தான் பிறந்தன. பூனைக் கட்சிக்குப் பிற்பாடு மாறின. அந்த மாற்றத்தில் ப்ளூடூத் முகமன் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, மேப்பையும் பாட்டையும் சுமப்பது வை-ஃபை என்பது காரில் உட்கார்ந்திருப்பவர் பலர் அறியாத விஷயம்.

வடகலைக்குள்ளேயே ஒரு பிளவு இருக்கிறது. சாதாரண யூஎஸ்பி வயருக்குள் நான்கு இழைகள்: இரண்டு கரண்டுக்கு, இரண்டு டேட்டாவுக்கு. பஸ் ஸ்டாண்டு ஓரக் கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்குபவற்றில் பின்னிரண்டை மிச்சம் பிடித்துச் செய்த வயர்களும் உண்டு. அதைச் செருகினால் போனுக்குச் சார்ஜ் ஏறும். காருக்கு எதுவும் தெரியாது. உள்ளே இருப்பவர்கள் செட்டைத் திட்டுகிறார்கள், போனைத் திட்டுகிறார்கள், காரை விற்றவனைத் திட்டுகிறார்கள். வயரை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை. சார்ஜ் ஏறுகிறதே! கடைக்காரரிடம் "டேட்டா கேபிளாண்ணே?" என்று கேட்டால், "எல்லாம் ஏறும் தம்பி, எடுத்துட்டுப் போ" என்பார். ஏறும் என்றது பொய்யில்லை.

ப்ளூடூத்துக்கு வருவோம். ஸ்வீடனில் எரிக்சன் நிறுவனம் 1994 இல் தொடங்கிய வேலை இது. 1998 இல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐபிஎம், தோஷிபா ஐந்தும் கூடிச் சங்கம் வைத்தன. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா ஒருவரின் பட்டப்பெயரைச் சூட்டினார்கள். பாட்டு போகும் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையைச் சேர்ந்தது. ஒரே இடத்தில் நிற்காமல் 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1600 முறை தாவும். அடுத்த தாவல் எந்தத் தடத்துக்கு என்பதில் போனுக்கும் காருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எந்தப் பாட்டைப் போடுவது என்பதில் பின் சீட்டில் நான்கு பேர் உடன்படாத அதே காரில் இது நடக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூதிகோட்டை பக்கத்து மார்க்கண்டேயா அணைக்குப் புறப்பட்ட குடும்பக் கார் ஒன்றில் கண்டதை இங்கே பதிவு செய்கிறோம். பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் ஸ்டியரிங்கில். முன் சீட்டில் தாத்தா; சாம்பியன் ரீஃபில் வைண்டராக இருந்தவர், அதாவது ஷாஃப்டில் கேஜ் என்னும் கூண்டை ஏற்றி இறக்கியவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28 இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு அவர் எந்த எந்திரத்தையும் நம்பியதில்லை. கார்த் திரையில் ஆறு இலக்க எண் விழுந்தது.

"தாத்தா, போன்லயும் இதே நம்பர் கீதா பாரு."

பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனைத் தள்ளிப் பிடித்தார். ஒவ்வொரு எண்ணாகத் திரையில் விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். நாலாவது எண்ணில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"சீக்கிரம் தாத்தா, டைம் முடிஞ்சிரும்."

"இருடா. கீழருந்து அவன் மணி அடிப்பான். நான் அதையே திருப்பி அடிக்கணும். அப்பதான் அவன் அடிச்சது எனக்குச் சரியா கேட்டுச்சுன்னு அவனுக்குத் தெரியும். அதுக்கப்புறந்தான் கேஜு நவுரும். சரியாத்தான் கீது, அமுக்கு."

இரு திரையிலும் ஒரே எண்ணைக் காட்டி இரு பக்கமும் சம்மதம் வாங்கும் இந்த முறை 2007 இல் ப்ளூடூத் 2.1 உடன் வந்தது. அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலான செட்டுகளுக்கு 0000 அல்லது 1234. ஊருக்கெல்லாம் ஒரே மணி என்றால் அந்த வைண்டர் கேஜை அசைத்திருக்க மாட்டார்.

ஜோடி சேர்ந்தது என்று திரையில் எழுத்து விழுந்தது. பாட்டு விழவில்லை.

நம் ஆய்வின் மையம் இதுதான்: ஜோடி சேர்வது வேறு, பாடுவது வேறு. போனும் காரும் பேசிக்கொள்வது ஒரே உடன்படிக்கையின் கீழ் அல்ல. கால் பேசுவதற்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, போனிலுள்ள பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொள்வதற்கு ஒன்று எனத் தனித்தனிக் கிளைகள். ஒன்றில் கையெழுத்தாகி மற்றொன்றில் ஆகாமல் இருக்கலாம். கால் கணீரென்று கேட்கும், பாட்டு மட்டும் போனின் சிறு ஸ்பீக்கரிலேயே முனகும். போன் செட்டிங்கில் மீடியா ஆடியோ என்ற பொத்தான் அணைந்து கிடக்கும். அங்கே போய்ப் பார்க்காமல், வால்யூம் குமிழை வலப்பக்கம் திருகித் திருகிக் கடைசியில் ஒருநாள் பாட்டு வரும்போது காது கிழியப் பெறுவதே பொது வழக்கம்.

இந்நிலையின் தலைசிறந்த வரலாற்று எடுத்துக்காட்டு பூதிகோட்டையில் பிறந்தவருடையது. 1769 இல் ஹைதர் அலி தம் குதிரைப்படையோடு சென்னையின் வாசலுக்கே வந்து நின்றார். கோட்டைக்குள் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியார் அலறிப் புடைத்து உடன்படிக்கைக்கு இறங்கினார்கள். பிடித்த இடங்களைத் திருப்பித் தருவது, ஒருவரை வேறு யாராவது தாக்கினால் மற்றவர் துணைக்கு வருவது. எண் ஒத்தது, இரு பக்கமும் அமுக்கினார்கள். அடுத்த வருஷமே மராத்தியர் மைசூர் மேல் பாய்ந்தார்கள். ஹைதர் கம்பெனிக்குச் சொல்லியனுப்பினார். திரையில் இணைப்பு இருக்கிறது, ஒலி இல்லை. அவரும் வால்யூமைத் திருகிப் பார்த்தார். கம்பெனியின் மீடியா ஆடியோ தொடக்கத்திலிருந்தே அணைத்துத்தான் வைக்கப்பட்டிருந்தது என்பது நமது துணிபு. 1780 இல் ஹைதர் கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கி, பொள்ளிலூரில் கம்பெனிப் படையைச் சிதறடித்தது, பட்டியலிலிருந்து அந்தச் சாதனத்தை நீக்கியதற்குச் சமம். அவர் 1782 இல் இறந்தார். 1784 இல் மங்களூரில் திப்பு மீண்டும் ஜோடி சேர்த்தார். அதுவும் பாடவில்லை. அந்த டென்மார்க் ராஜா இரு நாடுகளை ஒன்றாக்கியவர் என்பதற்காக ப்ளூடூத்துக்கு அவர் பெயரை வைத்தார்களாம். இந்தத் தொழில்நுட்பம் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் பூதிகோட்டைக்காரர் பெயரே பொருத்தம்.

நீக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஜோடி சேரும்போது போனும் காரும் ஒரே ரகசியச் சாவியை ஆளுக்கொரு பிரதியாக வைத்துக்கொள்கின்றன. காரில் மட்டும் நீக்கிவிட்டால், போன் தன்னிடமுள்ள பழைய சாவியோடு வந்து கதவைத் தட்டும். கார் யாரென்று கேட்கும். இரண்டு பக்கமும் நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே சரியான வழி. இதை அறிந்தவன் குடும்பத்தில் ஒருவன் இருப்பான். அவன் பெரும்பாலும் எட்டாங்கிளாஸ் படிப்பான். அவனைக் காரில் நடுவில், கியர் இடிக்கும் இடத்தில் உட்கார வைத்திருப்பார்கள்.

அடுத்து முன்னுரிமைச் சிக்கல். செட்டின் நினைவில் ஒரு சில போன்களுக்கே இடம். பட்டியலைத் திறந்து பார்த்தால் ஒரு குடும்பத்தின் ஆட்சி வரலாறு தெரியும்: அப்பா ஓப்போ, சின்னு ரெட்மி, தொடாதே, ஜெய் ஆஞ்சநேயா. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் என்றால், பழைய ஓனரின் மச்சான் போன் வரை அதில் குடியிருக்கும்; சில செட்டுகளில் அவருடைய போன் நம்பர்களும் காலி செய்யாமல் கிடக்கும். பெரும்பாலான செட்டுகள் கடைசியாகச் சேர்ந்த போனையே முதலில் தேடுகின்றன. மருமகள் நேற்றுச் சந்தைக்குக் காரை எடுத்திருந்தால் இன்று காலை அவள் போன்தான் பட்டத்து ராணி. சாதாரணமாகப் பத்து மீட்டர் வரை ப்ளூடூத் எட்டும். சுரங்கக் காலத்து லைன் வீடுகளில் அடுப்படிக்கும் தெருவுக்கும் இடையே அவ்வளவு தூரம் கிடையாது. மகன் வாசலில் காரை ஸ்டார்ட் செய்கிறான். உள்ளே தோசைக்கல் முன்னால் நிற்பவள் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த போன் திடீரென்று ஊமையாகிறது. மிச்சப் பேச்சு தெருவில், கார் ஸ்பீக்கரில், மாமியாரின் காது கேட்கத் தொடர்கிறது. குடும்ப நீதிமன்றங்கள் இந்த வகைச் சாட்சியத்தைக் கவனிக்க வேண்டும்.

கார் ஸ்பீக்கரின் ஒழுக்க இயலுக்குத் தனி நூலே எழுதலாம். மீடியா ஆடியோவை எட்டாங்கிளாஸ்காரன் கண்டுபிடித்து, பாட்டு ஒருவழியாக வந்து, பங்காரப்பேட்டையும் தாண்டியாயிற்று. பூதிகோட்டை மலை தெரியும் இடத்தில் பாட்டு நின்று மணி அடித்தது. திரையில் மாரிக்குப்பம் அத்தை என்று வந்தது. இவர் பெரியவரின் மூத்த மகள். பேரன் எடுப்பதற்குள் செட் தானே எடுத்துக்கொண்டது; அது அப்படி அமைத்து வைக்கப்பட்டிருந்ததை அன்றுதான் எல்லோரும் அறிந்தார்கள்.

"டேய், எங்கப்பாவையுமா இட்டுகினு போற? மாப்பிள்ளை வூட்டுக்காரங்களும் அணைக்கு வராங்கன்னியே. அது வாய் சும்மா இருக்காதுடா. போற எடத்துல எல்லாம் மைன்ஸு கதைய எடுத்துரும். கேஜு, மணி, ஆயிரம் அடின்னு ஆரம்பிச்சா அந்த மாப்பிள்ளைப் பையன் தண்ணில குதிச்சிருவான்."

காரில் யாரும் மூச்சு விடவில்லை. நான்கு கதவிலும் பதித்த ஸ்பீக்கர்களில் ஒலித் தெளிவு மிகச் சிறப்பாக இருந்தது என்பதை ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

"இன்னாடா, கேக்குதா இல்லியா?"

"திருப்பி மணி அடிடா," என்றார் பெரியவர், ரோட்டைப் பார்த்தபடி.

"அத்தை, ஸ்பீக்கர்ல கீற நீ."

நொடிக்கு 1600 முறை தாவும் அலைகூட அந்த வேகத்தில் தடம் மாறியிருக்காது.

"அப்பா, காலையில மாத்திரை போட்டியா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. லைனைக் கட் பண்ணும் பொத்தான் இதில் எது என்று பேரனிடம் கேட்டார்.